உன் தூக்குச்சட்டிக்குள் எரியும் விளக்கு

இன்று சாயங்காலம் கோட்டையூர் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தாள். "ஏதோ கருகுற வாசம் வரலை? எங்கனயும் வயரு கியரு தீயுதா பாருங்க" என்று கண்டக்டரைக் கூப்பிட்டாள். அவரும் பாவம், வந்து குனிந்து சீட்டுக்கு அடியில் எல்லாம் மோந்து பார்த்தார். வாசம் என் தலைமுடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. நான் ஒன்றும் தெரியாதவள் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வயரை ஈயம் வைத்துப் பற்றவைக்கும்போது பிசின் உருகி எழும்புமே, அந்தப் புகை. அது உன் வாசம். உன் துப்பட்டாவிலும் புத்தகப் பையிலும் சோற்று டப்பாவிலும்கூட அந்த வாசம் இருக்கும். "எல்லாரும் தலையில பூ வச்சுக்கிட்டு வாராக, நீ புகையை வச்சுக்கிட்டு வர்றே" என்று நான் உன்னைக் கேலி பண்ணாத நாள் கிடையாது. இன்று அதே புகையோடு நான் பஸ் ஏறியிருக்கிறேன். சூட்டுக்கோலை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாமல் இருந்தவள், இந்த வயதில், ஆட்காட்டி விரலில் ஒரு கொப்புளத்தோடு.

ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் பாதியில் கொட்டாவி விடுவார்கள்.

நம் கதையே உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு ஆறும். கல்லூரியில் நீ இயற்பியல், நான் வேதியியல். நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு கதவு. கதவுக்குப் பூட்டு இருந்தது, நாம் பூட்டினதில்லை. என் பக்கத்தில் ஒரு பிரிகைக் கருவி கிடந்தது. கலவையாக இருக்கிற எதையும் திரவத்தில் கரைத்து, பம்பு வைத்து அழுத்தி, பொடி அடைத்த மெல்லிய எஃகுக் குழலுக்குள் ஓட்டினால், ஒவ்வொரு பொருளும் தன் தன் வேகத்தில் தனித்தனியாக வெளியே வரும். வருவது எது, எவ்வளவு என்று பார்க்கிற டிடெக்டர்தான் அதற்குக் கண். பம்பு ஓடியது, குழலும் நன்றாக இருந்தது, கண்தான் போய்விட்டது. புது டிடெக்டரின் விலையைச் சொன்னபோது முதல்வர் வாய்விட்டுச் சிரித்தார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து உன் மேசையில் உட்கார்ந்தேன். நீ ரேடியோ ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, தலையைக்கூடத் தூக்காமல் கேட்டாய். "அந்தக் கண்ணு என்னத்தப் பாக்கணும்?"

"புற ஊதா வெளிச்சம் பட்டா சில பொருள் நீலமா ஒளிரும். அந்த நீலத்தைப் பாக்கணும்."

"அம்புட்டுத்தானா? ஒரு வெளிச்சம், ஒரு குழாய், ஒரு கண்ணு. இதுக்குப் போயி மூஞ்சிய இப்படி வச்சிருக்கே! வா, செஞ்சு போடுவோம்."

செய்துபோட்டோம் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிடலாம். நாம் பட்ட பாடு நமக்குத்தான் தெரியும். கள்ளநோட்டுப் பார்க்கிற டார்ச்சைப் பிரித்து அதிலிருந்த சின்ன எல்.ஈ.டி. விளக்கை எடுத்தாய். ஒளியை மின்சாரமாக மாற்றுகிற பொட்டு அளவு சில்லு ஒன்றை உன் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த ஆள் மூலம் கொடுத்துவிட்டார். தைலப் புட்டிகளுக்கு நடுவில் காலுறைக்குள் சுருட்டி வந்தது அது. விளக்கின் ஒளி நேராகச் சில்லில் விழுந்தால் எல்லாம் கெட்டுவிடும், பொருள் உமிழ்கிற நீலம் மட்டும்தான் போக வேண்டும். புற ஊதாவைத் தடுத்து நீலத்தை விடுகிற கண்ணாடி வில்லை வேண்டும் என்று நான் சொன்னதற்கு, காரைக்குடிப் பழைய சாமான் கடைகளில் ஒரு சனிக்கிழமை முழுக்க என்னை இழுத்தடித்தாய். எந்த வீட்டுச் செட்டியார் எந்தக் காலத்தில் வாங்கிய காமிராவோ, அதன் முன்னால் மாட்டுகிற வில்லை அங்கே கிடைத்தது. கடைக்காரர், "காமிராவோட எடுத்துக்கிட்டுப் போங்க, ஷோகேஸ்ல வச்சா அழகா இருக்கும்" என்று கெஞ்சினார். "எங்களுக்கு அழகு வேணாங்க, கண்ணாடி போதும்" என்றாய் நீ.

பிறகு வெளிச்சம் புகாத பெட்டி. மரப்பெட்டி, பிளாஸ்டிக் டப்பா, அட்டை எல்லாம் பார்த்தோம், எங்கேயாவது ஓர் இடுக்கில் வெளிச்சம் ஒழுகியது. ஒரு திங்கட்கிழமை காலை தேவகோட்டை பஸ்ஸிலிருந்து நீ ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டியோடு இறங்கினாய். நான் ஏதோ பிரியாணி என்று ஆசையாகத் திறந்தேன். உள்ளே கரும்பலகைக்குப் பூசுகிற கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. மூடியில் உன் பெயர் வெட்டியிருந்தது. கல்யாணத்துக்கு உனக்குக் கொடுத்த சீர்ச் சாமான்.

"உங்கம்மா பாத்தாகளா?"

"பாத்தாக. 'சீர்ச்சட்டியில ஓட்டையா போடப் போறே'ன்னு கேட்டாக. ரெண்டு ஓட்டைதாம்மான்னு சொன்னேன். வாப்பா இருந்திருந்தா இதைப் பாத்து என்ன சொல்லியிருப்பாகளோன்னு அழுதாக. 'ஓட்டை நேரா இருக்கான்னு பாத்திருப்பாக'ன்னு சொன்னேன். அம்மா சிரிச்சுட்டாக."

ஓட்டை நேராக இல்லை. கோணலாகத்தான் போட்டிருந்தாய். ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்றின் மேல் தூக்குச்சட்டியை அசையாமல் இறுக்கி வைத்தோம். பெரிய கம்பெனிக் கருவிக்குப் பக்கத்தில், சாப்பாடு கொண்டுவந்த யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் உன் பெயரைத்தான் வாசித்தார்கள்.

சிவகாமி வந்தது அதற்கடுத்த பருவத்தில். ஒக்கூரில் தன் ஓரகத்தியோடு சேர்ந்து செக்கு போட்டுக் கடலை எண்ணெய் ஆட்டி விற்கிற அவளை உனக்குத் தெரியும், எனக்கு அப்போதுதான் தெரியும். காயப் போட்ட கடலையில் மழை விழுந்துவிட்டது. பருப்பில் பூஞ்சை வாடை. அந்தப் பூஞ்சை விடுகிற நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது, ஈரலைத்தான் அரிக்கும். "எண்ணெய் ஊரு முச்சூடும் போகுது டீச்சர். புண்ணாக்கு மாட்டுக்குப் போகுது. அந்த மாட்டுப் பாலத்தான் எம் பேத்தி குடிக்கிறா. ஆட்டலாமா வேணாமான்னு சொல்லுங்க" என்று மூட்டைக்கொரு பொட்டலமாகக் கட்டி எடுத்து வந்திருந்தாள். அந்த நஞ்சுதான் புற ஊதா பட்டால் நீலமாக ஒளிர்வது. உன் தூக்குச்சட்டி எதற்காகப் பிறந்ததோ அந்த வேலை வாசலில் வந்து நின்றது.

பருப்பை அரைத்து, கரைப்பானில் ஊறவைத்து, வடிகட்டி, ஓர் அமிலத்தைச் சேர்த்து ஒளியைக் கூட்டி, கருவியில் செலுத்தினேன். முதலில் வெறும் கரைப்பானை ஓட்டினோம். கணினியில் கோடு தட்டையாகப் போனது. பிறகு ஒக்கூர்ப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும், நஞ்சு வர வேண்டிய அதே இடத்தில், கோடு மேடாக எழும்பி இறங்கியது. ஒரு மூட்டை தப்பவில்லை.

"சொல்லிடுவோம். எல்லாத்தையும் கொட்டச் சொல்லிடுவோம்" என்றேன். நீ மறித்தாய்.

"எல்லா மூட்டையிலயும் ஒரே உசரமா இருக்கே, அது எப்படி? பூஞ்சை என்ன பந்தி பரிமாறுதா, எல்லா இலைக்கும் சமமா வைக்க?"

"சந்தேகம்னா வேணாம்னு சொல்றதுதானே நல்லது?"

"பயத்துல சொல்றதுக்கு மெஷின் எதுக்கு? அதுக்கு நீயும் நானும் போதுமே."

நமக்குள் அவ்வளவு பெரிய சண்டை அதற்கு முன் வந்ததில்லை. சிவகாமி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஒரு வருஷத்து உழைப்பு நம் வாயில் இருந்தது. நீ வெளியே போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். "இன்னும் தெரியலம்மா" என்றாய். "என்ன டீச்சர், இம்புட்டுப் படிச்சிருக்கீக, தெரியலைங்கிறீக?" என்று அவள் கேட்டபோது எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. நீ அசரவில்லை. "தெரிஞ்சதும் சொல்றேன். அதுவரைக்கும் ஆட்டவும் வேணாம், கொட்டவும் வேணாம்" என்று அனுப்பிவைத்தாய்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்தோம். விளக்கை மாற்றினாய், வில்லையைத் துடைத்தாய், நான் புதிதாகக் கரைப்பான் காய்ச்சி வடித்தேன். மேடு போகவில்லை. ஒருநாள் மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்துபோட்டு நீ உள்ளே எதையோ நோண்டிக்கொண்டிருந்தாய். அறை ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பாட்டரியில் ஓடிய அந்தச் சின்ன விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கையில் பட்ட எண்ணெயைத் துடைக்க மேசையில் கிடந்த துணியை நீ எடுத்தாய்.

துணி நீலமாக எரிந்தது.

"ஏய்! இங்க பாருடி, உங்க வீட்டு வேட்டி பேய் மாதிரி ஒளிருது!"

வடிதாள் தீர்ந்துபோய், எழுதிப்போட்டது வந்து சேராமல் இருந்த நேரம் அது. பால் வடிகட்ட, புளி வடிகட்ட, காய்ச்சின எண்ணெய் வடிகட்ட, நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் பழைய வேட்டித் துணிதானே. அதே கைப்பழக்கத்தில் என் வீட்டுக்காரர் வேட்டியைத்தான் நான் கிழித்து வந்திருந்தேன், முதல் வடிகட்டலுக்கு. வேட்டி பளிச்சென்று இல்லாவிட்டால் அவர் தெருவில் இறங்க மாட்டார். வாராவாரம் வெளுப்புப் பொடி போட்டு அலசி வந்த துணி. அந்த வெளுப்பே நீல ஒளிதான், அதனால்தான் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. நான் கடலையிலிருந்து பிரித்தெடுத்துப் பார்த்தது என் புருஷனின் கௌரவத்தை. வெறும் கரைப்பானை நாம் வடிகட்டவே இல்லை, நேராகச் செலுத்தினோம். அதனால் அதில் மட்டும் கோடு தட்டை.

இருட்டில் நின்று சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் நீ சாக்பீஸை எடுத்து, தூக்குச்சட்டிக்கு மேலே சுவரில் எழுதினாய். "வெறும் தண்ணியும் அதே வழியா வரணும்." மாதிரி எந்தெந்தத் துணி, எந்தெந்தப் புட்டி, எந்தெந்தக் கை வழியாக வருகிறதோ, ஒன்றுமில்லாததும் அப்படியே வர வேண்டும். அப்போதுதான் இருப்பது எது, நாம் சேர்த்தது எது என்று தெரியும்.

வெளுக்காத கோராத் துணி வாங்கிவந்து மறுபடி பார்த்தோம். ஒரே ஒரு மூட்டையில் மேடு நிஜமாகவே இருந்தது. மற்றவை சுத்தம். நீயும் நானும் ஒக்கூருக்கே போய்ச் சொன்னோம். சிவகாமி வேட்டிக் கதையைக் கேட்டு, "அண்ணன் வேட்டிக்கு இம்புட்டு வெளிச்சமா!" என்று செக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு வருஷாவருஷம், அவளும் சுற்று ஊர்க்காரர்களும் கடலையோடும் மிளகாயோடும் வந்தார்கள். தூக்குச்சட்டி பார்த்துச் சொன்னது.

நீ போன மாசியில் போனாய். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது "ரெண்டு நாள்ல வந்துருவேன், மெஷினை யாரையும் தொட விடாதே" என்று மெசேஜ் அனுப்பியிருந்தாய். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை. தேவகோட்டையில் உன் வீட்டில் பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தச் சட்டி எரியுதா?" என்று கேட்டார். "எரியுதும்மா" என்றேன். உன் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்படி நடுவில் விட்டுவிட்டுப் போவாயா என்று. இப்போதும் அந்தக் கோபம் முழுசாகப் போகவில்லை, போகவும் வேண்டாம். அது இருந்தால் எனக்கு வேலை ஓடுகிறது.

இந்தப் பருவமும் கடலை காயும்போது மழை. சிவகாமி பொட்டலங்களோடு திங்கட்கிழமை வந்தாள். சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரியவில்லை.

உன் இடத்துக்கு வந்திருக்கிற தம்பி நல்ல பையன்தான். ஆனால், "மேடம், சென்னைக்கு அனுப்பிடலாமே, இதைப் போயி எதுக்கு நோண்டிக்கிட்டு" என்றான். சென்னையிலிருந்து பதில் வருவதற்குள் மிச்சமிருக்கிற கடலையிலும் பூஞ்சை பிடித்துவிடும். காத்திருக்க முடியாமல் அவள் ஆட்டிவிடுவாள், வேறு என்ன செய்வாள்? நான் அவளிடம், "இருங்க. நான் பாத்துச் சொல்றேன்" என்றேன். சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன், எதைப் பார்த்து என்று.

உன் அலமாரியைத் திறந்தேன். சூட்டுக்கோல், ஈயக் கம்பி, பிசின் டப்பா, நீ வாங்கிப் போட்டிருந்த கள்ளநோட்டு டார்ச்சுகள். முதல் விளக்கைத் தலைகீழாகப் பற்றவைத்தேன், எரியவில்லை. அடுத்ததைச் சூடு அதிகமாக வைத்துப் பொசுக்கினேன். அதற்கடுத்தது எரிந்தது, ஆனால் ஈயம் உருண்டு நின்று ஆட்டினால் விட்டு விட்டு எரிந்தது. நீ பக்கத்தில் இருந்தால், "ஈயத்தைச் சூடாக்காதே, கம்பியைச் சூடாக்கு, ஈயம் தானா ஓடி வரும்" என்று கத்தியிருப்பாய். ஆயிரம் தடவை என் காதுபடக் கத்தியது அது, அப்போது யார் கேட்டது? கம்பியைச் சூடாக்கினேன். ஈயம் ஓடி வந்து ஒட்டிக்கொண்டது. விரலும் கொஞ்சம் வெந்தது. மூடியை மூடி, கோட்டைப் பார்த்தேன். அலைபாய்ந்துகொண்டிருந்தது. நீ எப்போதும் விளக்கைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவாய், "அடுப்பு சூடாகட்டும்" என்று. நானும் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். கோடு அடங்கியிருந்தது. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு கடலையை அரைக்க ஆரம்பித்தேன்.

இன்று காலை சிவகாமி வந்தாள். அவள் கண் முன்னால்தான் கடைசிச் சுற்றை ஓட்டினேன். ஓட்டின எல்லாவற்றிலும் மேடு. ஒரே உயரம் இல்லை, சிலதில் குன்று, சிலதில் மலை. ஆனால் தப்பின மூட்டை ஒன்றுகூட இல்லை. அவளுக்கு இப்போது கோடு பார்க்கத் தெரியும். மேடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், அன்னைக்கு மாதிரித் துணியா இருக்குமோ?"

அவள் முகத்தைப் பார்த்தபோது, ஆமாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? என் வீட்டு வேட்டி, என் கை, என் ஈயம், எது மேலாவது பழியைப் போட்டுவிடலாம் போல இருந்தது. உன் சாக்பீஸ் எழுத்து சுவரில் பாதி அழிந்து கிடந்தது. நான் எழுந்தேன். அவளையே கோராத் துணியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். வெறும் கரைப்பானை அதே புட்டியில் ஊற்றி, அதே துணியில் வடிகட்டி, அதே அமிலம் சேர்த்து, எதையும் விடாமல் அதே வழியாகக் கொண்டுவந்து செலுத்தினேன். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தோம். நஞ்சு வர வேண்டிய இடம் வந்தது, தாண்டியது. கோடு தட்டையாகவே போனது.

"துணி இல்ல சிவகாமி" என்றேன். "ஆட்டாதீங்க. மாட்டுக்கும் வைக்காதீங்க."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று நீ உட்கார்ந்தது எதற்கு என்று இப்போதுதான் விளங்குகிறது, நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியாது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. குழி வெட்டச் சொல்றேன். அவுக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாகல்ல?"

"இதைத்தான் சொல்லியிருப்பா."

"அப்பச் சரி." எழுந்து வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள். "கல்லல் பக்கம் மழை இல்லையாம் டீச்சர். அங்குட்டுப் போயிக் கடலை பிடிச்சுக்கிட்டு வாரேன். வாங்குறதுக்கு முன்னாடியே பாத்துச் சொல்லுவீகளா?"

"கொண்டாங்க. விளக்கு எரியுது."

அவள் போன பிறகு, அழிந்த எழுத்தின் மேல் சாக்பீஸால் மறுபடி எழுதினேன். உன் கையெழுத்து வரவில்லை, என் கையெழுத்தில்தான் இருக்கிறது. இன்னொன்றும் யோசித்து வைத்திருக்கிறேன். ஒரு விளக்கு போனால் ஒரு ஊரே காத்துக்கிடக்க வேண்டியிருக்கிறது. ஒன்று போதாது. பம்பும் குழலும் ஒன்றாக இருந்தாலும், மாற்றி மாட்ட இரண்டாவது கண் ஒன்று தயாராக இருக்க வேண்டும். அதற்கான விளக்கை இன்றே பற்றவைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் பரணில் ஏறினேன். வீட்டுக்காரர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, "இந்நேரம் எதைத் தேடுறே?" என்றார். என் சீர்ச் சாமான்களுக்கு அடியில் இருந்து ஒரு தூக்குச்சட்டியை இறக்கினேன். மூடியில் என் பெயர் வெட்டியிருக்கிறது. உன்னுடையதைவிடக் கொஞ்சம் பெரிசு, எங்கள் அம்மா எதிலும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

கறுப்புப் பெயிண்ட் அடித்தாயிற்று, முற்றத்தில் காய்ந்துகொண்டிருக்கிறது. நாளைக்கு ஓட்டை போட வேண்டும். எனக்கும் கோணலாகத்தான் வரும். வெளிச்சம் ஒழுகாமல் இருந்தால் போதும்.